குட்டி யானை எவ்வளவு குடிக்கும்?

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை வேளையில் நின்று பார்த்திருக்கிறாயா, கண்ணு? இரண்டு பக்கமும் பழைய கிடங்குகள். உள்ளே மிளகு, சுக்கு, அரிசி என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மூக்கில் காரம் ஏறும். கிடங்கு வாசலில் குட்டி யானைகள் வரிசை கட்டி நிற்கும்.

எந்த யானை என்று உனக்குத் தெரியும். டாட்டா ஏஸ்தான்! 2005-ல் அது விற்பனைக்கு வந்தபோது இரண்டே சிலிண்டர் உள்ள சின்ன டீசல் எஞ்சின்தான் அதற்கு. 2011-ல் நம் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் அந்த வரிசையில் நிற்கும்.

அந்த வண்டிக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்.

"சேட்டா, மைலேஜ் எவ்வளவு?"

ஒருவர் "பதினெட்டு" என்பார். அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் பக்கத்து ஆள் "பதினாலைத் தாண்டாது" என்பார். சரி, இப்போது இரண்டாவது கேள்வியைக் கேள்.

"அது எப்படித் தெரியும்?"

இதுதான் கெட்டிக்காரக் கேள்வி. பெரியவர்களே பல சமயம் கேட்க மறந்துவிடும் கேள்வி. இது உன் வாயில் வந்துவிட்டால் பாதி அறிவியல் உனக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஒரு குத்துமதிப்புதான்!"

நாம் குத்துமதிப்பை விட்டுவிட்டு அளந்தே பார்ப்போமா?

டீசல் முள்ளை நம்பாதே

வண்டிக்குள் ஒரு முள் இருக்கிறதே, டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள். அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஏன்?

டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. டீசல் இறங்கினால் அதுவும் இறங்கும். முள் காட்டுவது அந்த மிதவை நிற்கும் உயரத்தைத்தான். டாங்கி எல்லா உயரத்திலும் ஒரே அகலமாக இருப்பதில்லை. அதனால் முள் பாதியில் நின்றால் டீசலும் சரிபாதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. வண்டி மேட்டில் நின்றால் முள்ளும் கொஞ்சம் ஏமாற்றும்.

நல்ல வழி ஒன்று உண்டு. 'டாங்கி டு டாங்கி' என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள்.

முதலில் டாங்கியை நிரப்பு. கிலோமீட்டர் மீட்டரில் உள்ள எண்ணை ஒரு நோட்டில் எழுது. வண்டி வழக்கம்போல ஓடட்டும். சில நாள் கழித்து மறுபடி டாங்கியை நிரப்பு. இப்போது இரண்டு எண்களை எழுது. மீட்டர் என்ன காட்டுகிறது? எத்தனை லிட்டர் பிடித்தது?

ஒரு கணக்கு போடுவோம். முதலில் மீட்டர் 24,310. பிறகு 24,670. வண்டி ஓடியது 360 கிலோமீட்டர். இரண்டாம் முறை நிரப்பப் பிடித்தது 24 லிட்டர். 360-ஐ 24-ஆல் வகுத்தால் 15. லிட்டருக்கு 15 கிலோமீட்டர்!

கொஞ்சம் நில். ஒன்று கேட்கிறேன். முதல் தடவை நிரப்பினோமே, அப்போது எத்தனை லிட்டர் போட்டோம் என்பது கணக்குக்கு வேண்டுமா?

யோசி.

வேண்டாம்! முதல் தடவை நிரப்பியது ஒரு கோடு போட்டு வைப்பதற்காக மட்டும்தான். அந்தக் கோட்டிலிருந்து கீழே இறங்கிய டீசலைத்தான் இரண்டாம் முறை ஊற்றினோம். அதனால் ஓட்டத்தில் செலவானது அந்த 24 லிட்டர். புரிகிறது அல்லவா? இது புரிந்தால் மீதி எல்லாம் சுலபம்.

பலர் பங்க்கில் "ஐந்நூறுக்குப் போடு" என்பார்கள். அப்படிப் போட்டால் டாங்கி நிரம்பாது, கோடும் கிடைக்காது. மைலேஜ் பார்க்க வேண்டுமானால் முழு டாங்கிதான். குழாய் 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று திணிக்கக் கூடாது. முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே பங்க், அதே குழாய்.

பங்க்கின் அளவு சரிதானா என்று சந்தேகமா? அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் அரசு முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்டுவார்கள். ஆனால் பங்க்கில் குழாய்ப் பக்கம் நீ போகாதே. எண்களைப் பெரியவர்கள் படித்துச் சொல்லட்டும். நீ எழுது.

ஒரு தடவை போதுமா?

போதாது, கண்ணு.

குழாய் ஒரு முறை சற்று முன்னாலேயே நின்றுவிடலாம். அதனால் கணக்கில் ஒரு லிட்டர் குறையலாம். 24 லிட்டரில் 1 லிட்டர் என்றால் நூற்றுக்கு நான்கு பிழை. 15 என்று வர வேண்டியது 15.6 என்று வந்துவிடும். "ஆகா, மைலேஜ் கூடிவிட்டது" என்று நாம் துள்ளிக் குதிப்போம்!

ஆனால் பத்து முறை நிரப்பிய கணக்கை மொத்தமாகக் கூட்டிப் பார். இந்த முறை குறைவாகப் போனது அடுத்த முறை சேர்ந்து ஏறிவிடும். நடுவில் நடந்த பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 240 லிட்டரில் 1 லிட்டர் என்றால் பிழை நூற்றுக்கு அரைகூட இல்லை. அதனால்தான் நோட்டு தடிக்கத் தடிக்க உண்மை நெருங்கி வருகிறது.

கிலோமீட்டர் மீட்டரும் ஒரு குறும்பு செய்யும். அது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. சின்ன வண்டியின் சக்கரத்துக்கு நடுவிலிருந்து விளிம்பு வரை 27 சென்டிமீட்டர் என்று வை. டயர் 7 மில்லிமீட்டர் தேய்ந்தால் சக்கரம் சற்றுச் சிறியதாகிவிடும். அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்று வேண்டும். மீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 97 கிலோமீட்டர்தான் போயிருக்கும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு லிட்டர் எங்கே போகிறது?

இப்போது எண் நம் கையில் இருக்கிறது. 15. இதைக் கூட்ட முடியுமா? அதற்கு முன் அந்த ஒரு லிட்டர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளரின் எஞ்சின் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் நன்றாக ஓடிக் காட்டியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும் அல்லவா? காற்றை அழுத்தினால் சூடாகும். டீசல் எஞ்சினில் காற்றை மிக மிக அழுத்துவார்கள். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டாம். அவருடைய எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேல் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பெரிய அதிசயம்.

இன்றைய பிக்கப் எஞ்சின் நன்றாக ஓடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வேலையாக மாற்றும். ஒரு லிட்டர் டீசலை மூன்று மாம்பழம் என்று வைத்துக்கொள். ஒரு பழம் சூடாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொன்று ரேடியேட்டர் வழியே போய்விடும். சக்கரத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு பழம்.

அந்தப் பழத்தையும் முழுசாக விட்டுவைக்க மாட்டார்கள். கடிப்பதற்கு ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். யார் யார் என்று பார்ப்போம், வா.

முதல் ஆள், பிரேக்

ஓடும் வண்டிக்குள் ஆற்றல் இருக்கிறது. பிரேக் போட்டால் அது எங்கே போகும்? பிரேக் சூடாகிவிடும், அவ்வளவுதான். மறுபடி கிளம்ப மறுபடி டீசல் வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? சுமையோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள பிக்கப். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். ஒரு தடவை நின்று மறுபடி அதே வேகத்தை எட்ட ஏறக்குறைய 10 மில்லி டீசல் ஆகும். இருமல் மருந்து ஊற்றும் சின்ன மூடி இருக்கிறதே, அதில் ஒரு மூடி. நூறு தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி!

மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி வழியாகப் பாலம் ஏறி, வில்லிங்டன் தீவைக் கடந்து எர்ணாகுளம் போய்ச் சேர எத்தனை சிக்னல், எத்தனை பஸ் ஸ்டாப், எத்தனை ஆட்டோ! நல்ல ஓட்டுநர் தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவார். வண்டி மெதுவாக உருண்டு போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும். ஒரு மூடி டீசல் மிச்சம்.

இரண்டாவது ஆள், டயர்

உருளும் டயரைக் கவனி. தரையைத் தொடும் இடம் நசுங்கும். மேலே போனதும் நிமிரும். நசுங்கி நிமிர்ந்து நசுங்கி நிமிர்ந்து ரப்பர் சூடாகும். அந்தச் சூடும் டீசலிலிருந்து வந்ததுதான். காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கும். கடியும் பெரிதாகும்.

இதை நீயே சோதிக்கலாம். பள்ளியில் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளம் இருந்தால் ஆள் இல்லாத நேரத்தில் ஆசிரியரிடம் அனுமதி கேள். மேலேயிருந்து சைக்கிளை மிதிக்காமல் உருளவிடு. நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. பிறகு டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு அதே இடத்திலிருந்து உருளவிடு. எந்தக் கோடு முன்னால் இருக்கிறது?

வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே அல்லது கையேட்டில் எழுதியிருக்கும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஓடிய பிறகு டயர் சூடாகி அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

மூன்றாவது ஆள், காற்று

பஜார் ரோட்டின் நெரிசலில் காற்றுக்கு வேலையே இல்லை. ஆனால் இடப்பள்ளி, அரூர் புறவழிச்சாலையில் வண்டி வேகம் எடுக்கும்போது அது விழித்துக்கொள்ளும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 60-லிருந்து 80 ஆக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. தடையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது! எரிபொருள் சிக்கனத்துக்காக 1978-ல் தொடங்கிய அரசு அமைப்பு பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம். அது மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்வது இதனால்தான். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு போனாலும் காற்று கூடுதலாகக் கடிக்கும். இறுக்கிக் கட்ட வேண்டும்.

நான்காவது ஆள், மலை

கொச்சி சமதளம். ஆனால் மிளகும் ஏலக்காயும் விளையும் இடம் இடுக்கி மலை. குமுளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். நம் 2,000 கிலோ வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் டீசல் வேண்டும். தூரத்துக்கான டீசல் தனி. தேவையில்லாத பழைய கயிறு, உடைந்த பலகை, இரும்புச் சாமான் வண்டியில் கிடந்தால் அதையும் சேர்த்துத்தான் தூக்குகிறோம்.

இறங்கும்போது சிலர் வண்டியை நியூட்ரலில் விடுவார்கள். டீசல் மிச்சம் என்று நினைப்பு. பெரிய தப்பு! இன்றைய எஞ்சினில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் உள்ளே இருக்கும் கணினி டீசலையே நிறுத்திவிடும். இறங்கும் சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் வேண்டும். அதைவிட முக்கியம், எஞ்சினின் பிடி போய்விடும். மலைப்பாதையில் பிரேக் மட்டும் தனியாக வண்டியைத் தாங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். உயிருக்கே ஆபத்து.

ஐந்தாவது ஆள், சும்மா நிற்பது

இவர்தான் மகா திருடர். மூட்டை ஏற்றும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் மூன்று பழமும் போச்சு! கிலோமீட்டர் பூஜ்யம், டீசல் செலவு. சும்மா ஓடும் பிக்கப் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் குடிக்கும். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகு 2018 முதல் ஓடுகிறது. அதற்கு வரிசையில் காத்திருக்கும் வண்டியில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் போதும்.

யாருக்கு மாலை போடுவது?

ஐந்து பேரையும் பிடித்துவிட்டோம். இனி எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்துவிடலாமா?

செய்யலாம். மைலேஜும் கூடும். ஆனால் எதனால் கூடியது என்று உனக்குத் தெரியுமா? டயரில் காற்றடித்தது, வழியை மாற்றியது, சுமையைக் குறைத்தது எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால் எதற்கு மாலை போடுவாய்?

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இந்த மாதம் டயர் காற்று மட்டும். அடுத்த மாதம் எஞ்சினை அணைப்பது மட்டும். மற்றதெல்லாம் முன்போலவே இருக்கட்டும். நோட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று மூன்று கட்டம் போடு. இன்னும் மூன்று சேர்த்துக்கொள். சுமை எவ்வளவு? எந்த வழி? மழையா, வெயிலா? கொச்சியில் ஜூன் மாதம் மழை கொட்டும்போது சாலையெல்லாம் தண்ணீர் நிற்கும். நெரிசலும் கூடும். மைலேஜ் குறையும். அதற்கு டயரைத் திட்டக் கூடாது அல்லவா?

"காலையில் டீசல் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அதையும் யோசித்துப் பார். சூட்டில் டீசல் விரியும் என்பது உண்மைதான். 10 டிகிரி சூடு கூடினால் 25 லிட்டர் சுமார் 200 மில்லி விரியும். ஆனால் பங்க்கின் டாங்கி பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு அவ்வளவாக மாறாது. அப்படியானால் லாபம் எவ்வளவு? நீயே சொல்.

ஒரு லிட்டர் மிச்சமானால்

எங்கிருந்து வருகிறது இந்த டீசல்? கொச்சி அம்பலமுகளில் 1966 முதல் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. ஆலை பக்கத்தில்தான். ஆனால் நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் கப்பல் ஏறி வெளிநாட்டிலிருந்து வருகிறது.

இன்னொரு வேடிக்கை. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம் எடை. அது எரிந்தால் 2 கிலோ 600 கிராமுக்கும் மேல் கரியமில வாயு வரும். ஒரு கிலோகூட இல்லாதது எப்படி இரண்டரைக் கிலோவைத் தாண்டியது? டீசலில் இருக்கும் கார்பன் 720 கிராம் அளவுதான். எரியும்போது அது காற்றிலிருந்து 1,900 கிராமுக்கு மேல் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கூட்டிப் பார், சரியாக வரும்.

உனக்கு ஒரு புதிர்

ஒரு முதலாளியிடம் இரண்டு வண்டி. பழைய லாரி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தருகிறது. குட்டி யானை 18 தருகிறது. இரண்டும் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும். ஏதாவது ஒன்றைச் சரிசெய்யத்தான் பணம் இருக்கிறது. சரிசெய்தால் லாரி 10 தரும், அல்லது குட்டி யானை 20 தரும். எதைச் செய்தால் டீசல் அதிகம் மிச்சமாகும்?

"இரண்டிலும் 2 தானே கூடுகிறது, எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிவிடாதே. வகுத்துப் பார்.

லாரிக்கு முன்பு 125 லிட்டர், இப்போது 100. மிச்சம் 25 லிட்டர். குட்டி யானைக்கு முன்பு 55 லிட்டருக்குச் சற்று மேல், இப்போது 50. மிச்சம் ஆறு லிட்டர்கூட இல்லை!

படித்த பெரியவர்களே இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் இதைச் சோதித்து, 2008-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தால் குழப்பமே வராது.

ஆகவே உன் நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் போடு. தலைப்பு, '100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர்?' வீட்டில் பிக்கப் இல்லையா? அப்பாவின் பைக் போதும், அம்மாவின் ஸ்கூட்டர் போதும். மேலே சொன்ன கணக்கில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வந்ததே, அந்த வண்டிக்கு இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவாய்? விடை 6-க்கும் 7-க்கும் நடுவில் வந்தால், சபாஷ்! இனி எங்கே, எந்த ஓட்டுநரிடம் வேண்டுமானாலும் நீ தைரியமாகக் கேட்கலாம். "எப்படித் தெரியும்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், உன் நோட்டை எடுத்துக் காட்டு.